தேயிலைத் தூரில் தேங்காய்: உருவகக் கதை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கண்டிச்சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியே கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமத்து மக்களை அழைத்து வந்தனர் என்னும் கதையை மலையகத்தில் அறியாதார் இலர். ஹந்தானைச் சரிவிலும் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலும் லயத்து முதியோர் இதனைச் சொல்லக் கேட்கலாம். வாய்மொழியிலிருந்து இது கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் புகுந்துள்ளது. அவ்வாறு புகுந்தபோது நிகழ்ந்த ஒரு மாற்றமே ஈண்டு நமது அக்கறைக்குரியது. லயத்தில் கசந்த சிரிப்போடு சொல்லப்படுவது, ஏட்டில் நடந்த செய்தியாக, கங்காணி கூறிய சொற்களாகவே பதிவு பெறுகிறது.

இது செய்தியன்று, உருவகக் கதை என்பது எமது கருத்து. இவ்வேறுபாட்டை அணியிலக்கண நுட்பம் என்று தள்ளிவிடுதல் இயலாது. செய்தியெனக் கொள்வோமாயின், செடியின் அடியில் தேங்காய் காய்க்கும் என்பதை நம்பிக் கடல் கடந்த ஏமாளிகளாக நம் முன்னோர் நிற்பர். உருவகக் கதையெனக் கொள்வோமாயின், தம்மைச் சுரண்டிய அமைப்பைத் தாமே விளக்கிய ஆசிரியர்களாக அவர்கள் நிற்பர்.

உருவகக் கதை என்பது யாது? உருவகம் ஒரு பொருளின்மேல் மற்றொன்றை ஏற்றி, அத்தொடரோடு முடிந்துவிடும். உருவகக் கதையிலோ ஏற்றப்பட்ட பொருள் இடையறாது நடந்து செல்லும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி, பாத்திரத்துக்குப் பாத்திரம் மறுதலை ஒன்று இருக்கும். கிருஷ்ண மிசிரர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய பிரபோத சந்திரோதயத்தில் விவேகனும் மகாமோகனும் அரசர்களாகிப் போரிடுகின்றனர். 17ஆம் நூற்றாண்டில் மாதை திருவேங்கடநாதர் அதனைத் தமிழாக்கினார். பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் இவ்வகையினதே. இவற்றிலே திறவுகோல் பூட்டிலேயே தொங்குகிறது. பெயரைக் கேட்ட அளவில் பொருள் விளங்கிவிடும்.

திறவுகோல் வெளியே தெரியாத வகையைத் தமிழ் மரபு இன்னும் நுட்பமாக அறிந்திருந்தது. கருதியதை மறைத்து, அதனை ஒத்த பிறிதொன்றைக் கூறுதலைத் தண்டியலங்காரம் ஒட்டு என்கிறது. உள்ளுறை உவமத்திலே உவமை மாத்திரமே சொல்லப்படும். கேட்போன் திணைமரபை அறிந்தவனாயின் பொருளைத் தானே கண்டுகொள்வான். எனவே மறைபொருள் பனுவலுக்குள் மட்டும் கிடப்பதன்று. அதனைப் பகிர்ந்துகொள்ளும் சமூகத்திடமும் கிடக்கிறது. உள்ளுறைக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களையே தொல்காப்பியர் நிலைக்களனாக்கினார் என்பதும் கருதத்தக்கது. தெய்வத்தைப் பிறிதொன்றின் முகமூடியாக்குவதில் அவர் கண்ட இடர்ப்பாடு யாதாயினும், நமக்கு அது பயன்படும் ஓர் எச்சரிக்கை.

ஏனெனில், இவ்விடயத்தில் மிகுதியாகத் தவறுவோர் முற்போக்காளராகிய நாமே. மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நிகழ்கிறது. கம்பம் நட்டு, தப்பு முழங்க, பகல் வேலை முடிந்து வந்தோர் இரவிரவாக ஆடுகின்றனர். மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், பின்னர் அவன் உயிர் பெறுகிறான். சிவன் துரை, மன்மதன் தொழிலாளி, ரதியின் ஒப்பாரி வர்க்கத்தின் ஓலம் என்று இதற்குப் பொருளுரைப்பது நம்மவர்க்கு எளிது. ஆனால் மன்மதனைச் சிவன்மீது ஏவியவர் தேவர்கள். அவர்கள் யார்? தொழிலாளி ஆளுவோரின் ஏவலாளனா? எரித்தவனே இரங்கி உயிர் கொடுக்கிறானே, துரை அவ்வாறு செய்ததுண்டா? இரண்டடி நடந்ததும் இணைப்பொருள் அறுந்துவிடுகிறது. மேலாக, ஆடுவோருக்கு அது நேர்த்தி. மேற்பொருளே அவர்களுக்குப் பொருள். கூத்தின் சமூக உள்ளடக்கம் ஆடும் களத்தில், ஆடுவோரின் உடல் களைப்பில், கூட்டுச் செயற்பாட்டில் இருக்கிறது, மறைபொருளில் இல்லை.

காமன் கதையை உள்ளிருந்தே உருவகமாக்கியோர் உளர் என்பதையும் மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் லாவணிப் பாடகர் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதிட்டனர். காமம் எங்ஙனம் எரியும் என்று கேட்ட கணத்திலேயே கதை உருவகமாகிவிடுகிறது! எனினும் அத்திறவுகோல் தத்துவத்தினது; நாம் தேடும் வர்க்கத்தினதன்று. மூன்றாம் உலகப் பனுவல்கள் அனைத்தையும் தேசிய உருவகக் கதைகளாகவே படிக்கவேண்டும் என்று பிரெட்ரிக் ஜேம்சன் 1986இல் எழுதியபோது, மறு ஆண்டே அய்ஜாஸ் அஹ்மத் அதனை மறுத்தார். இருவரும் மார்க்சியரே. நாம் அஹ்மத்தின் பக்கம்.

இனித் தேங்காய்க் கதைக்கு வருவோம். முதலாவதாகக் காலம். தமிழ்நாட்டிலிருந்து பெருந்தொகையாக ஆள் வரத்தொடங்கியது கோப்பிக் காலத்திலாகும். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோர் கோப்பி மலைகளுக்கே சென்றனர். ஹேவாஹெட்டயிலுள்ள லூல்கொந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை மலையெங்கும் பரந்தது. ஆகவே தேயிலைத் தூரைப் பற்றிய கதை, இன்றுள்ள வடிவில், முதல் வருகையாளருக்குச் சொல்லப்பட்டதாதல் இயலாது.

இரண்டாவது, உணவு. தேங்காயும் மாசியும் சேர்ந்தால் சம்பல். அது இத்தீவின் அடுக்களைக்குரிய சேர்க்கை. திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களின் உட்பகுதியில் வாழ்ந்த நிலமற்ற கூலியாளனுக்கு ஆசை காட்ட விரும்பும் ஒருவன் மாசியைத் தேர்வானா? நெல்லுச் சோற்றைச் சொன்னாலே போதுமே. தோட்டத்தில் அரிசி கொடுத்துக் கூலியிற் கழித்தனர். சோற்றுடன் சேர்வதற்குரியதைக் காசு கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. அக்காசு கைக்கு வராத இடத்தில்தான் தேங்காயும் மாசியும் ஏக்கப் பொருள்களாகும். எனவே கதை பிறந்த இடம் இராமநாதபுரத்துச் சாவடியன்று, கண்டிச்சீமை லயமே என்று கொள்வது பொருந்தும்.

மூன்றாவது, காரணம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தையும், கடனையும், சாதி ஒடுக்குமுறையையும் அறிந்தோர், மக்கள் புறப்பட்டதற்கு ஒரு பொய்யைக் காரணமாகத் தேடார். கங்காணிமார் பொய் சொல்லவில்லை என்பதன்று எமது வாதம். சொன்ன பொய்கள் பல. அவற்றின் சாரத்தைப் பின்னாளில் தொழிலாளர் ஒரே படிமமாக வடித்தனர் என்பதே.

இப்பொழுது இணைப்பொருள்களைப் பொருத்திப் பார்க்கலாம். தூரைக் கிளறுதல் உழைப்பு. தேங்காயும் மாசியும் வாக்களிக்கப்பட்ட கூலி. மண்ணுக்குள் மறைந்திருத்தல் என்றும் நாளைக்கே தள்ளிப்போகும் கணக்கு. எத்துணை ஆழம் கிளறினாலும் வெளிப்படுவது கல்லும் வேரும். காமன் கூத்தில் அறுந்த இழை இங்கு அறவில்லை. மேற்பொருளோ, தேயிலைச் செடியை ஒருமுறை கண்டவன் நம்பமுடியாதது. அப்பொருந்தாமையே கேட்போனை உட்பொருளுக்குத் தள்ளுகிறது.

இதனை ஏன் மறைத்துச் சொல்லவேண்டும்? துண்டு முறையை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். தொழிலாளி பட்ட கடனைக் குறித்த அத்துண்டு, கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்ல அவனை விடாது. வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறின; கடன் கொடுத்தவனும் வேலை வாங்கியவனும் கங்காணியே; பல வேளைகளில் அவன் உறவினனும்கூட. அவனை முகத்துக்கு நேரே வைது அதே லயத்தில் வாழ்வதெங்ஙனம்? கதையை அவன் முன்னிலையிலும் சொல்லலாம், அவனும் சிரிக்கலாம்.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடிய பாடல்கள் துரையையும் கங்காணியையும் நேராகவே சாடின. மறைமொழிக்கிருந்த தேவை அந்த அளவுக்குக் குறைந்தது. ஐம்பதுகளில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடும்பாடலில் தூருக்கடியே தேங்காயில்லை. நினைவுக்கல்லின்றிப் புதையுண்ட மூதாதையர் கிடக்கின்றனர். அது உருவகமன்று. இறந்தோர் உண்மையாகவே தோட்ட மண்ணிற் புதைக்கப்பட்டனர். பழைய கதையின் உட்பொருள் இங்கே மேற்பொருளாகி வெளிப்படையாக நிற்கிறது.

எம்மிடம் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் தம் கட்டுரைகளை இக்கதையோடு தொடங்குவதுண்டு. கங்காணி இவ்வாறு கூறினான், எம் முன்னோர் நம்பினர் என்று எழுதுவர். யார் சொல்லக் கேட்டீர் என வினவினால், அப்பாயி சொன்னார் என்பர். சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று அடுத்ததாக வினவுவது எமது வழக்கம்.