சென்னைப் பட்டணத்து மனைகளின் பூர்வோத்தரம்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் பெரியோர் வழங்கிவந்த பழமொழி. கட்டுவதிலுள்ள கஷ்டத்தை இப்பழமொழி சொல்லிற்றேயன்றி, கட்டுதற்கு முன் இடந்தேர்வதிலுள்ள கஷ்டத்தைச் சொல்லவில்லை. கிராமத்தில் அக்கஷ்டம் இருந்ததில்லை. எது மேடு, எது பள்ளம், எந்த வாய்க்கால் எவ்வழி போகும், யார் பாட்டனுக்கு எந்தப் புன்செய் பாகத்தில் வந்தது என்பதெல்லாம் அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பட்டணத்திலோ அடுத்த வீட்டார் பெயரே தெரிவதில்லை. அவ்வாறிருக்க, நிலத்தின் பூர்வோத்தரம் எங்ஙனம் தெரியவரும்?

நம் சமூகத்தார் சென்ற இரண்டு மூன்று தலைமுறைகளாக உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் முன்னிட்டுச் சென்னையிற் குடியேறி வருகின்றனர். ஊரிலுள்ள நன்செய்யை விற்றும், மாதர் கழுத்து நகையைக் கழற்றியும், இருபது வருஷக் கடன் பட்டும் ஒரு மனையோ வீடோ வாங்குகின்றனர். அஃதன்றி, வெளியூர் மாணவர்க்கு விடுதி கட்டுதற்பொருட்டு நம் சங்கமே ஒரு மனை வாங்க உத்தேசித்திருப்பது அன்பர்கள் அறிந்ததே. அந்நிதியிற் பெரும்பகுதி ஏழைக் குடும்பத்தார் சிறுகச் சிறுகத் தந்தது. சென்ற மாதம் நிர்வாக சபையில் இதுபற்றி நெடுநேரம் வாதம் நடந்தது. தெற்கே சதுப்பு நிலத்தை அடுத்து ஒரு பெரிய மனை மலிவாக வருகிறது என்றனர் சிலர். பழைய பேட்டையொன்றில் அதிற் பாதியளவுள்ள மனையே போதும் என்றனர் வேறு சிலர். விலை என்ன, நம்மவர் அங்கே எத்தனை குடும்பம், ரயில் எவ்வளவு தூரம் என்னும் மூன்று கேள்விகள் எழுந்தன. இந்த நிலம் முன்பு என்னவாயிருந்தது என்னும் நான்காவது கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் அன்று கேட்கவில்லை. அக்குறையை நிரப்பவே இவ்வியாசம் எழுதப்புகுந்தோம்.

முதலில் ‘நம்மவர் இருக்குமிடம்’ என்பதை ஆராய்வோம். 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் கடற்கரையில் இடம்பெற்றுக் கோட்டை எழுப்பியபின், அதன் வடபுறத்தில் வர்த்தகரும் நெசவாளரும் துபாஷிகளும் குடியேறி ஒரு பட்டணம் உண்டாயிற்று. அவரவர் வகுப்பார் அவரவர் தெருவிற் கூடிவாழ்ந்தனர். 1707-ஆம் ஆண்டில், தாமஸ் பிட் என்பார் கவர்னராயிருந்த காலத்தில், வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் தெருக்களைப்பற்றிப் பெருங்கலகம் மூண்டது. முடிவில் பெத்துநாய்க்கன்பேட்டை வலங்கையார்க்கும், முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் என்று பகிர்ந்து வைத்தனர். இவ்வளவு வழக்காடிப் பெற்ற தெருக்களின் இன்றைய நிலை யாது? கொடவுன் தெருவில் ஜவுளியும் ஆண்டர்சன் தெருவிற் காகிதமும் வாங்கச் செல்வோர் வலங்கையும் அறியார், இடங்கையும் அறியார்.

குலத்தாரோடு கூடியிருந்தமை அக்குடிகளின் வீட்டைக் காக்கவுமில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றியபின், கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தனர். கோட்டையை மீளப்பெற்ற ஆங்கிலேயரும், பகைவர் மறைந்து நின்று சுடுதற்கு இடமாகுமென்று எஞ்சியவற்றை இடித்து வெட்டவெளியாக்கினர். இவ்வெல்லைக்குள் கட்டடம் எழலாகாது என்பதற்கு அறிகுறியாக 1773-இல் தூண்கள் நட்டனர். அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அப்பழம்பட்டணம் இருந்தவிடத்தில்தான் 1892-இல் திறக்கப்பட்ட ஹைகோர்ட்டுக் கட்டடம் விளங்குகிறது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாளுக்கே வேறிடத்திற் கோயில் எடுக்க வேண்டியதாயிற்று. கோட்டைக்கு அருகே பாதுகாப்பு மிகுதி என்று எண்ணி வாங்கினோர்க்கு, அவ்வருகாமையே கேடாய் முடிந்தமை காண்க.

நிற்க. விலையைப்பற்றிச் சிறிது பேசுவோம். மலிவாக வருகிறது என்பதனால் வாங்கலாமா? மலிவு இருவகைப்படும். ஒன்று அச்சத்தால் வருவது. மற்றொன்று நிலத்தின் குணத்தால் வருவது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தபோது ஜனங்கள் பட்டணத்தைவிட்டு ஓடினர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டணத்திலும் குண்டு வீசியபோது, அரசாங்கத்தாரே ஜனங்களை வெளியூர் செல்லுமாறு சொல்ல, பட்டணமே பாதி காலியாயிற்று. வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவரும் உண்டு. அச்சம் நீங்கியபின் ஜனங்கள் திரும்பினர், விலையும் திரும்பியது. எனவே அச்சத்தால் வந்த மலிவு அச்சத்தோடு நீங்கும். பள்ளத்தால் வந்த மலிவோ பள்ளம் உள்ளவரை நீங்காது. மண்கொட்டி மேடாக்கினோமென்று விற்பவர் சொல்லலாம். நம் மனையில் நில்லாத நீர் அடுத்த வீட்டினுட் புகும், அவரும் மேடாக்கினால் மீண்டும் நம்மிடமே வரும்.

சென்னையின் தரை மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிகச் சிறிதாகவே சாய்ந்துள்ளது. ஆதலால் நம் முன்னோர் மழைநீரை ஏரிகளிலும் தாங்கல்களிலும் தேக்கி, ஓரேரி நிரம்பினால் கலிங்கல் வழியே அடுத்ததற்குச் செல்லுமாறு அமைத்திருந்தனர். கும்பினியார் எழும்பூரையும் புரசைவாக்கத்தையும் 1693-லும், நுங்கம்பாக்கத்தை 1708-லும், மயிலாப்பூரை 1749-லும் பெற்றுப் பட்டணத்தோடு சேர்த்தபோது, அவை வயலும் ஏரியுமுள்ள கிராமங்களாகவே இருந்தன. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நெடிய ஏரி வளைந்து கிடந்தது. 1923-இல் அதன் மாம்பலப் பகுதியை வடித்துத் தூர்த்து ஒரு புதுநகரம் வகுக்கத் தொடங்கினர். 1925-இல் காலஞ்சென்ற சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை அதற்கு இட்டனர். நடுவே பனகல் ராஜாவின் பெயரால் ஒரு பூங்காவும், அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகளும் அமைந்தன. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்தின் மதிப்பு உயர்ந்தது. இன்று தியாகராயநகரில் ஒரு கிரவுண்டு வாங்குவது நம்மிற் பலர்க்குக் கனவே.

இவ்வளவு சிறப்புற்ற இடத்திலும் நீர் தன் பழைய பாத்தியதையை விடவில்லை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் தியாகராயநகர்த் தெருக்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. அங்கிருந்து நந்தனம் வழியே அடையாற்றைச் சேரவேண்டிய மாம்பலம் கால்வாய், அதனைக் கொண்டுசெல்ல மாட்டாதாயிற்று. அகன்ற வீதியும் அரசாங்கத்தார் வகுத்த ஒழுங்கும் உள்ள இடத்துக்கே இக்கதியென்றால், ஏரியின் ஓரத்தை அவசரமாகக் கூறுபோட்டு விற்கும் மனைகளைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பெயர்களே சில சமயம் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரை என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர்கொண்ட டாங்க் பண்டு ரோடு இன்றும் உள்ளது, ஏரியைக் காணோம். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவ்வேரி நிலத்தில் எழுந்தது. முகப்பேரில் ஒரு பகுதிக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்பவற்றின் ஈற்றிலுள்ள சொல்லையும் நோக்குக. இவ்வூர்களில் வாங்கலாகாது என்பது நம் கருத்தன்று. பெயரைக் கேட்டவுடன் அவ்வூர் ஏரி எங்கே, அதன் போக்கு எங்கே என்று வினவ வேண்டுமென்பதே கருத்து.

தெற்கே வேளச்சேரி முதலிய இடங்களின் மழைநீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்வது இயற்கை. அச்சதுப்பு நிலத்திற் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடமாகவும் மாறி, எஞ்சியதே 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச உடன்படிக்கைப்படி பாதுகாக்கவேண்டிய நிலமாகக் குறிக்கப்பட்டது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களை மூழ்குவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தத்தளித்தன. நம் அங்கத்தினரான ஓர் ஆசிரியர், ஓய்வுபெற்ற காலத்தில் வந்த தொகை முழுவதையும் போட்டு ஆற்றோரத்தில் வாங்கிய வீட்டின் கீழ்த்தளம் 2015-இல் ஒரே இரவில் நிரம்பிற்று. மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பாத்திரங்களும் புடவைகளும் சேற்றிற் கிடந்ததைத் துப்புரவு செய்யச் சென்ற நம் வாலிபர்கள் கண்டனர். அவர் வீட்டை விற்க முயன்றும், வருவோரெல்லாம் சுவரிலுள்ள நீர்க்கோட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். அவர் வாங்கியபோது விலையையும் உறவினர் அண்மையையும் பார்த்தாரேயன்றி ஆற்றைப் பார்க்கவில்லை என்று அவரே நம்மிடம் சொன்னார்.

ஆதலின் மனை வாங்குவோர் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். வருவாய்த் துறையாரின் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பர் நன்செய்யா, புன்செய்யா, ஏரியா, ஓடையா, புறம்போக்கா என்று பார்க்க வேண்டும். பட்டணத்துக்குள்ளாயின் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். புலப்படத்தின் நகலை வாங்கி, வாய்க்கால் ஏதேனும் மனையை ஊடறுக்கிறதா என்று நோக்க வேண்டும். மூலப்பத்திரங்களைக் கேட்டு வாங்கி, முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான காரியங்களே தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவாகாத உடன்படிக்கையும் தெரியா. ஆகையால் விற்பவர் குடும்பத்து வாரிசுகளைப்பற்றியும் விசாரித்தல் அவசியம். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இன்றியமையாதது. ஆயினும் அங்கீகாரம் நீரைத் தடுத்து நிறுத்தாது.

இவையனைத்தும் முடிந்தபின், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை நேரிற் சென்று பார்க்க வேண்டும். தரகரோடு கோடையிற் போனால் எல்லா மனையும் மேடாகவே தோன்றும். அத்தெருவில் நெடுநாளாயிருக்கும் இஸ்திரி போடுபவரையும் பெட்டிக்கடைக்காரரையும் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், முழங்காலா, இடுப்பா என்று கையாற் காட்டிவிடுவார்கள். அவர் எக்குலத்தாராயினும் நமக்கு அன்று அவரே உற்ற உறவினர். வெள்ளம் வந்த இரவில் அவ்வாசிரியர் குடும்பத்தை மாடியில் ஏற்றிக் காத்தவர் வேறு வகுப்பைச் சேர்ந்த அயல்வீட்டாரே என்பதையும் இங்கே நன்றியோடு குறிக்கின்றோம்.

நம் விடுதி மனையைப்பற்றி நம் கருத்து இதுவே. தெற்கிலுள்ள மனைக்கு முன்பணம் கொடுப்பதை நிர்வாக சபையார் இந்த மழைக்காலம் கழியுமளவும் நிறுத்திவைத்தல் வேண்டும். அதன் பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, மழையில் இருமுறை நேரிற் சென்று பார்த்து, கண்டதை மகாசபையில் வைத்தல் வேண்டும். அதற்குள் அந்த மனை கைதவறிப் போயினும் போகட்டும். அங்கே தங்கப்போகிறவர்கள் நம்மை நம்பிப் பெற்றோர் அனுப்பும் பிள்ளைகள். அன்பர்கள் தத்தம் பேட்டையில் நீர் நின்ற அனுபவத்தை நமக்கு எழுதியனுப்புவார்களாயின், அவற்றைத் தொகுத்துச் சங்கக் காரியாலயத்தில் வைத்து, இனி மனை வாங்கும் நம்மவர் எவரும் பார்க்குமாறு செய்வோம்.