ஹார்லிக்ஸ் முதல் ராகி மால்ட் வரை: ‘மால்ட்’ என்றால் உண்மையில் என்ன? வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆரஞ்சும் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நம்மில் பலர். இப்போது பெங்களூருவிலோ புனேவிலோ நொய்டாவிலோ ஒரு வாடகை ஃபிளாட்டில் உட்கார்ந்து, செயலியில் ‘மால்ட்’ என்று தேடுகிறீர்கள். திரை முழுக்க டப்பாக்கள்: சாக்லேட் மால்ட், ராகி மால்ட், முளைகட்டிய சத்துமாவு. இதில் எது நிஜமான மால்ட்?

சுருக்கமான பதில் இதுதான். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்தால் கிடைப்பது மால்ட். முளைகட்டாமல் நேராக வறுத்து அரைத்தால் அது வறுத்த மாவு, அவ்வளவுதான். ‘ராகி மால்ட்’ என்று நாம் வீட்டில் சொல்லிக் குடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. கெட்டதில்லை. ஆனா மால்ட் இல்லை.

முளைத்தால் என்ன மாறுகிறது?

தானியம் முளைவிடத் தொடங்கியதும் அதற்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைத்து, மால்ட்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகளாக மாற்றுவது அதன் வேலை. மால்ட் பானத்துக்கு அந்த லேசான இனிப்பு வருவது இதனால்தான். வாசனை வறுக்கும்போது வருகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சாதாரண ராகி மாவை இரண்டு ஸ்பூன் போட்டாலே கஞ்சி கெட்டியாகிவிடும். முளைகட்டிய மாவில் கஞ்சி நீர்த்தே இருக்கும். அதனால் அதே பதத்துக்கு இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்கலாம். சின்ன வயிறு உள்ள குழந்தைக்கு ஒரு கிண்ணத்தில் கூடுதல் சத்து போகும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் முளைகட்டிய ராகியையும் பச்சைப்பயறையும் சேர்த்து இணை உணவு உருவாக்கியதற்குக் காரணம் இதுதான். முளைகட்டுவதால் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதும் சற்று எளிதாகிறது.

அப்போ பாட்டிலில் இருப்பது?

ஹார்லிக்ஸ், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜேம்ஸ், வில்லியம் என்ற சகோதரர்களின் கண்டுபிடிப்பு. 1873-ல் நிறுவனம் தொடங்கி, 1883-ல் ‘மால்ட்டட் மில்க்’குக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பார்லி மால்ட்டையும் கோதுமை மாவையும் வெந்நீரில் கரைத்து, நொதி தன் வேலையை முடித்ததும் சாற்றை மட்டும் வடித்தெடுத்து, பாலோடு சேர்த்து, வெற்றிடத்தில் நீரை வற்றவைப்பார்கள். பாட்டிலில் நம் கைக்கு வருவது அந்தக் காய்ந்த சாறு. இந்தியாவில் 1960 வாக்கில் பஞ்சாபின் நாபாவில் தொழிற்சாலை வந்தது. இங்கே எருமைப்பாலும் பயன்பட்டது. 2020 ஏப்ரல் முதல் அந்த பிராண்ட் இந்துஸ்தான் யூனிலீவர் வசம்.

‘வீட்டிலேயே ஹார்லிக்ஸ்’ என்று வரும் வீடியோக்களைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இப்போது காரணம் புரியும். முளைகட்டிய கோதுமையை வறுத்து அரைத்து, பால் பவுடரும் சர்க்கரையும் கலந்தால் ருசி கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனா அது மாவு. சூடான பாலில் போட்டுக் கலக்கினால் அடியில் தங்கும், பச்சை வாசனை அடிக்கும். கொதிக்கவைத்தே ஆகணும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெள்ளைப் பார்லி தோல் தீட்டியது. எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது.

‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயர் எங்கே போனது?

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியதுதான் தொடக்கம். பானங்களுக்குத் தடை எதுவும் இல்லை, அந்த அலமாரியின் பெயர்ப்பலகைதான் கழற்றப்பட்டது. அதே மாதம் ஹார்லிக்ஸ் நிறுவனமும் அந்தப் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது.

ஆக, டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனி வரி இருக்கும். உதாரணத்துக்கு 100 கிராமில் 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் தூள் போட்டால் 6 கிராம் ஆச்சு. பழக்கதோஷத்தில் மேலே ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னொரு 4 கிராம். காலை, மாலை இரண்டு வேளை குடித்தால் 20 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சம் 5 கிராம்தான், அதற்குள் ஆபீஸ் டீயும் பிஸ்கட்டும் அடங்கணும்!

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம். ஒரு கப்புக்கு 20 கிராம் போட்டால் சுமார் 73. அதே கப்பில் ஊற்றும் 150 மில்லி பசும்பாலில் சுமார் 175. அதாவது, ராகி மாவு போட்டாலும் கால்சியத்தில் பெரும்பங்கு பாலிலிருந்துதான் வருகிறது. தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு ‘சத்து ஏறிடுச்சு’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

வீட்டில் செய்வது எப்படி?

ராகியில் தொடங்குங்கள். சிறுதானியங்களில் மால்ட் செய்ய இதுதான் தோதானது. மும்பை, புனேயில் ‘நாச்னி’ என்றும், உத்தராகண்ட் பக்கம் ‘மண்டுவா’ என்றும் கேட்டு வாங்குங்கள். மாவு வேண்டாம், முழுத் தானியம் வேண்டும்.

அரை கிலோ ராகியைக் கல், தூசி போகக் கழுவி 12 மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வடித்து, ஈரத் துணியில் தளர்வாக முடிந்து வையுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. சென்னை வெயிலில் ஒரே நாளில் முளைக்கும். டெல்லி ஜனவரியில் இரண்டு நாளுக்கு மேலேயும் ஆகும். முளை அரை சென்டிமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, பஞ்சு மாதிரி பூஞ்சை, இதில் எது தெரிந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கழுவினால் சரியாகாது.

அடுத்து காயவைப்பது. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மெல்லிசாகப் பரப்பி, கடித்தால் ‘டக்’கென்று உடையும் வரை காயணும். பால்கனி இல்லையென்றால் ஃபேனுக்கு அடியில் பரப்பி, கடைசியில் ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து முடிக்கலாம். பிறகு சிறுதீயில் வாசனை வரும் வரை மட்டும் வறுத்து, கையால் தேய்த்து வேர்களைப் புடைத்துவிட்டு, மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். ருசி இருக்கும், கஞ்சி மட்டும் மறுபடி கெட்டியாகும்.

மால்ட் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கொதி அடங்கி, நாக்கு பொறுக்காத சூட்டில் இருக்கும்போது உங்கள் மால்ட் மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் கஞ்சி இளகி ஓடினால் பாஸ். கடையில் வாங்கிய பாக்கெட்டையும் இப்படிச் சோதிக்கலாம். ரொம்ப வறுத்த மால்ட்டும் இளக்காது, அதை மட்டும் மனதில் வையுங்கள். சோதித்த கஞ்சியை மறுபடி கொதிக்கவைத்துத்தான் குடிக்கணும்.

குடிக்க: இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக் கொதிக்கவிட்டு, பால் சேருங்கள். ஏலக்காய் உங்கள் இஷ்டம். வெல்லம் போட்டால் சர்க்கரைக் கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது, அதுவும் சர்க்கரைதான்.

யார் கவனமாக இருக்கணும்?

சர்க்கரை நோய் உள்ள அப்பா, அம்மாவுக்கு ‘ராகிதானே, நல்லது’ என்று கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். முளைகட்டியதில் மாவுச்சத்து ஏற்கனவே ஓரளவு உடைந்திருக்கிறது. நீர்த்த கஞ்சியாகக் குடித்தால் ரத்தச் சர்க்கரை சீக்கிரம் ஏறலாம். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. கோதுமை, பார்லி மால்ட்டில் குளூட்டன் உண்டு, ராகியில் இல்லை. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இனிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம்.

வெள்ளைச் சோளத்தை மட்டும் இதே முறையில் முளைகட்டிப் பார்க்காதீர்கள். அதன் முளையில் சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் உருவாகிறது. சோள மால்ட் செய்பவர்கள் முளையையும் வேரையும் முழுசாக நீக்கிவிடுவது அதனால்தான்.

அரைத்த மாவை முழுசாக ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் செய்யாதீர்கள், காயாது.