ஒற்றன் சொல்லும் இருபது உயிர்களும்

துப்பறியும் கதைகளில் பல வகை உண்டு. அவற்றுள் படிப்போர் நெஞ்சை மிகவும் பதைக்க வைப்பது, பகைவர் கூட்டத்துக்குள் அவர்களுள் ஒருவனாகப் புகுந்து வாழும் ஒற்றனின் கதையாகும். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவி எழுதிய நாள் தொட்டே மாறுவேடமும் மறைவாழ்வும் தமிழ் வாசகர்க்குப் பழகிய சுவைகள். திரைப்படத்திலும் இச்சுவை குன்றவில்லை. 2002ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வெளிவந்த ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ என்னும் படத்தில் காவல்துறையின் ஆள் கொள்ளைக் கூட்டத்திலும், கொள்ளைக் கூட்டத்தின் ஆள் காவல்துறையிலும் ஒளிந்து வாழ்கின்றனர். அப்படத்தின் சீனப் பெயர், இடையறாத துன்பத்துக்கு இடமான அவீசி நரகத்தைக் குறிப்பது. இரு பெயரோடு வாழ்பவனின் நிலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. 2006இல் இதே கதை ‘தி டிபார்ட்டட்’ என்ற பெயரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழும் ஐரிஷ் மக்களின் கதையாக மாற்றி எடுக்கப்பட்டது.

அது ஐரிஷ் மக்களின் கதையாக மாறியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வரலாற்றை அறிந்தவர்க்கு அதில் ஒரு பொருத்தம் தோன்றும். ஏனெனில் இவ்வகைக் கதைகளின் மூதாதை எனத்தக்க ஒரு நாவல், அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர்களிடையே நடந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து பிறந்தது. சர் ஆர்தர் கானன் டாயில் எழுதி, 1914 முதல் 1915 வரை ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் தொடராக வந்த ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ என்பதே அந்நாவல். ஷெர்லக் ஹோம்ஸ் நாவல்கள் நான்கனுள் அது இறுதியானது. அதன் பிற்பகுதியில் மெக்மர்டோ என்னும் இளைஞன் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு வருகிறான். கொலைகாரர் சங்கத்தில் சேர்கிறான். அவர்களுடைய நம்பிக்கைக்கு உரியவனாகிறான். முடிவில் அவனே துப்பறிவோனாகிய பேர்டி எட்வர்ட்ஸ் என்பது வெளிப்படுகிறது. கதையில் நல்லவர் யார், தீயவர் யார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

வரலாறு அவ்வளவு தெளிவாக இல்லை. அந்தத் தெளிவின்மையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

ஊர் விட்டு வந்தவர்களின் சங்கம்

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பத்து இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அந்திரசைட் என்னும் உயர்வகை நிலக்கரி கிடைக்கும் மலைநாட்டை அடைந்தனர். அங்கே வேல்ஸ், இங்கிலாந்து நாடுகளிலிருந்து முன்பே வந்தவர்கள் தேர்ச்சி பெற்ற சுரங்கத் தொழிலாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தனர். உழவைத் தவிர வேறறியாத ஐரிஷ்காரர்க்குக் கடைநிலைக் கூலிவேலையே கிடைத்தது. சுரங்க வேலை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1869 செப்டம்பர் 6ஆம் நாள் ஏவன்டேல் சுரங்கத்தில் தீப்பற்றியபோது வெளியேறுவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டு 110 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய வாழ்வில் அவர்களுக்குத் துணையாக நின்றவை மாதாகோயிலும், மதுக்கடையும், ‘ஏன்ஷன்ட் ஆர்டர் ஆஃப் ஹைபர்னியன்ஸ்’ என்ற சங்கமுமே. ஹைபர்னியா என்பது அயர்லாந்தின் பழம்பெயர். நோயுற்றவனுக்கு உதவி, இறந்தவனுக்கு அடக்கச் செலவு, வேலையற்றவனுக்கு ஆதரவு, விழா நாளில் ஊர்ப்பாட்டு ஆகியவற்றை அந்தச் சங்கம் அளித்தது. பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழியாரிடையே வாழும் நமக்கு இத்தகைய சங்கத்தின் பயனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர் தம்மை அடையாளம் கண்டுகொள்ளச் சில மறைச்சொற்களும் கைக்குறிப்புகளும் அச்சங்கத்தில் இருந்தன. அவையே பின்னர் அவர்களுக்கு வினையாயின.

சுரங்கப் பகுதியில் கொலைகள் நடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. மேற்பார்வையாளரும் காவலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர். அயர்லாந்தில் நிலக்கிழார்களை எதிர்த்து இரவில் பெண்வேடத்தில் திரிந்து பழிவாங்கிய ‘மோலி மகுவயர்’ கூட்டத்தாரே இங்கும் செயற்படுகின்றனர் என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கூட்டமும் ஹைபர்னியர் சங்கமும் ஒன்றே என்று நிலைநாட்ட ஒருவர் முனைந்தார். அவர் ரெடிங் இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவர் பிராங்க்ளின் கோவென். இரயில் பாதையோடு சுரங்கங்களையும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அந்நிறுவனத்துக்குத் தொழிலாளர் சங்கம் பெருந்தடையாக இருந்தது.

மெக்கென்னா என்னும் மெக்பார்லண்ட்

1873இல் கோவென், சிகாகோ நகரத்து ஆலன் பிங்கர்டனின் துப்பறியும் நிறுவனத்தை நாடினார். திறந்த கண் ஒன்றும், ‘நாங்கள் உறங்குவதில்லை’ என்னும் பொருள்படும் வாசகமும் அந்நிறுவனத்தின் சின்னம். பிங்கர்டன் அனுப்பிய ஆள் ஜேம்ஸ் மெக்பார்லண்ட். அவனும் அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கன். 1867இல் அமெரிக்கா வந்தவன். சிகாகோவில் அவன் வைத்திருந்த மதுக்கடை 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. வேற்று நாட்டான் எவனும் நுழைய முடியாத இடத்தில் இவன் நுழைய முடிந்ததற்கு அவனுடைய பிறப்பும் பேச்சும் பாட்டுமே காரணம்.

ஜேம்ஸ் மெக்கென்னா என்ற பெயரோடு அவன் அவ்வாண்டு அக்டோபரில் ஸ்கூல்கில் மாவட்டத்துக்கு வந்தான். பபலோ நகரில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவன், கள்ளப்பணம் மாற்றுபவன் என்று தன்னைப் பற்றித் தானே கதை பரப்பினான். வேலை இல்லாதவன் கையில் பணம் புழங்குவது ஏன் என்ற கேள்விக்கு அக்கதையே விடையாயிற்று. மதுக்கடைகளில் ஆடினான், பாடினான், குடித்தான், சண்டையிட்டான். 1874 ஏப்ரலில் ஷெனன்டோவா ஊரின் ஹைபர்னியர் கிளையில் உறுப்பினனானான். பின்னர் அக்கிளையின் செயலாளராகவும் ஆனான். எழுத்தறிவு குறைந்த தோழர்களுக்கு அவன் எழுத்தராக உதவினான். மறைவில் பிங்கர்டனுக்கு அறிக்கைகளும் எழுதினான்.

1875 சனவரி முதல் ஜூன் வரை நீடித்த பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. தொழிலாளர் சங்கம் சிதைந்தது. அதன்பின் கொலைகள் பெருகின. டமாக்வா ஊரின் காவலர் யோஸ்ட் ஜூலையிலும், சேங்கர், யூரன், ஜோன்ஸ் ஆகியோர் செப்டம்பர் முதல் வாரத்திலும் கொல்லப்பட்டனர். இவற்றுள் சிலவற்றின் திட்டத்தை மெக்பார்லண்ட் முன்னரே அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்று பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டினர். தடுத்தால் வேடம் கலையும், கலைந்தால் உயிர் போகும் என்பது அவன் நிலை.

அவன் மனம் உடைந்த ஒரு நாளும் உண்டு. 1875 டிசம்பர் 10ஆம் நாள் விடியுமுன் முகமூடி அணிந்த சிலர் விகன்ஸ் பேட்ச் என்னும் சிற்றூரில் ஓர் ஐரிஷ் வீட்டில் புகுந்து சார்லஸ் ஓடானல் என்பவரையும், எலன் மெக்காலிஸ்டர் என்ற இளம்பெண்ணையும் சுட்டுக் கொன்றனர். தான் அனுப்பிய அறிக்கைகளில் இருந்த பெயர்களே அக்கொலையாளிகளுக்குக் கிடைத்துள்ளன என்று உணர்ந்த மெக்பார்லண்ட், பெண்ணைக் கொல்லும் வேலைக்குத் துணைபோக முடியாதென்று மேலதிகாரிக்கு எழுதி விலக முன்வந்தான். ஆயினும் அவன் விலகவில்லை. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

வழக்கு மன்றத்தில்

1876 மார்ச்சில் ஐயம் முற்றியதால் மெக்கென்னா மறைந்தான். மே மாதத்தில் மெக்பார்லண்ட் என்ற தன் சொந்தப் பெயரோடு சாட்சிக் கூண்டில் ஏறினான். இரண்டரை ஆண்டுகள் தம்மோடு உண்டு குடித்தவனை அங்கே கண்டவர்களின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அந்த வழக்குகள் நடந்த முறை வியப்புக்குரியது. துப்பறிந்தது தனியார் நிறுவனம். பலரைக் கைது செய்தது சுரங்க, இருப்புப்பாதை முதலாளிகளின் கூலிக் காவற்படை. அரசுத் தரப்பில் வாதிட்டவர்களுள் கோவெனும் ஒருவர். நடுவர் குழுக்களில் ஐரிஷ் கத்தோலிக்கர் எவரும் இல்லை. ஆங்கிலம் சரிவர அறியாத ஜெர்மானியர் சிலர் இருந்தனர். ஒற்றனின் சொல்லுக்குத் துணையாக வந்தவை பெரும்பாலும் தம் உயிரைக் காத்துக்கொள்ளக் காட்டிக்கொடுத்தவர்களின் வாக்குமூலங்கள். அவர்களுள் முதன்மையானவன் ஜேம்ஸ் கெரிகன். காவலர் யோஸ்டைக் கொன்றவன் தன் கணவனே என்று கெரிகனின் மனைவியே மன்றத்தில் சொன்னாள். அச்சொல் எடுபடவில்லை.

1877 ஜூன் 21ஆம் நாள் பாட்ஸ்வில் ஊரில் அறுவரும் மாக் சங்க் ஊரில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். 1879க்குள் தூக்கிலிடப்பட்டோர் தொகை இருபதாயிற்று. அவர்களுள் ஜிரார்ட்வில் ஊரின் மதுக்கடைக்காரரும் ஹைபர்னியர் சங்கத்தின் மாவட்டத் தலைவருமான ஜான் கெஹோவும் ஒருவர். 1862இல், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலைக்காக வழக்குத் தொடரப்பட்டு, 1878 டிசம்பர் 18ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

1877ஆம் ஆண்டிலேயே பிங்கர்டன் பெயரில் இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. வென்றவர் எழுதிய அந்தக் கதையே நெடுங்காலம் வரலாறாக நின்றது. தூக்கிலிடப்பட்டவர்கள் எழுதி வைத்தது மிகச் சிறிதே. பள்ளத்தாக்கு முழுவதையும் ஆட்டிப்படைத்த ஒரே சதிக்கூட்டம் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை. வன்முறை உண்மை, ஆனால் ஐரிஷ் சங்கம் முழுவதும் கொலைகாரர் கூட்டம் என்பது வேறு செய்தி. ‘சிலர் செய்தனர்’ என்பதற்கும் ‘அவர்கள் எல்லாரும் அப்படித்தான்’ என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் குடியேறி வாழும் மக்களின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது.

வள்ளுவர் வகுத்த நெறி

ஒற்றே கூடாதென்று சொல்லிவிட முடியுமா? நம் வள்ளுவர் அவ்வாறு சொல்லவில்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலில் ஒற்றினை அரசனின் கண் என்றே கூறுகிறார். ஆனால் அதை ஒற்றைக் கண்ணாகக் கூறவில்லை; ஒற்று ஒரு கண், அறமும் முறையும் உரைக்கும் நூல் மற்றொரு கண் என்கிறார். மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஆராய வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே தெளிய வேண்டும் என்றும் வரையறுக்கிறார். பொய்யையே ஆடையாக அணிந்து வாழ வேண்டியவன் கொண்டுவரும் மெய்யை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைத்ததில்லை.

இந்த நெறியின் பயன் மெக்பார்லண்டின் வாழ்விலேயே விளங்கியது. 1905 டிசம்பர் 30ஆம் நாள் ஐடஹோ மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஸ்டூனன்பெர்க் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். பிங்கர்டன் நிறுவனத்தில் உயர் பதவிக்கு வந்திருந்த மெக்பார்லண்ட், கைதான ஹாரி ஆர்ச்சர்டிடமிருந்து வாக்குமூலம் பெற்றார். மேற்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர்களின் ஏவலாலேயே கொன்றதாக ஆர்ச்சர்ட் கூறினான். ஆனால் உடந்தையானவனின் சொல்லுக்கு வேறு சான்று வேண்டும் என்பது ஐடஹோவின் சட்டம். இரண்டாம் சாட்சியாக நிற்க வேண்டிய ஸ்டீவ் ஆடம்ஸ் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாட, சங்கத் தலைவர் பில் ஹேவுட் 1907 ஜூலையில் விடுதலையானார். பென்சில்வேனியாவில் மூடியிருந்த இரண்டாம் கண் ஐடஹோவில் திறந்திருந்தது.

மெக்பார்லண்ட் 1919இல் டென்வர் நகரில் இறந்தார். மாக் சங்க் ஊர் 1954இல் ஜிம் தோர்ப் எனப் பெயர் மாறியது. கெஹோவின் கொள்ளுப்பேரன் செய்த முயற்சியின் பயனாக, தூக்கிலிடப்பட்டு நூறாண்டு கழிந்தபின், 1979 சனவரியில் பென்சில்வேனிய ஆளுநர் மில்டன் ஷாப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். போன உயிரை அது மீட்கவில்லை. ஆயினும் குடும்பத்தின் பெயரை மீட்டது. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு மக்கட்கூட்டத்தின் மேல் படிந்த பழியையும் ஓரளவு துடைத்தது.

கானன் டாயிலின் நாவலை இன்றும் விரும்பிப் படிக்கலாம். திரைப்படத்தில் ஒற்றனின் உயிர் ஊசலாடும்போது மூச்சடக்கி இருக்கலாம். கதை அதற்காகவே அமைந்தது. ஆனால் கதையை மூடி வைத்தபின் ஒன்றை நினைவிற்கொள்வோம். நம்மோடு வாழும் ஒரு சமூகத்தைப் பற்றி ஒருவர் மட்டும் வந்து நம் காதில் ஒரு செய்தி சொல்லும்போது, மற்ற இருவர் எங்கே என்று கேட்பதே வள்ளுவர் வழிவந்தவர்க்கு அழகு.