தேயிலை மலையும் றகர் ஆட்டமும்

மலைநாட்டிலே றகர் ஆட்டம் வேரூன்றிய வரலாற்றைத் தோட்ட வரலாற்றினின்றும் பிரித்துரைத்தல் இயலாது. ஆங்கிலத் துரைமார் தேயிலையோடு தம் விளையாட்டுக்களையும் கொணர்ந்தனர். ராதெல்ல மைதானம் திம்புள்ளைக் கழகத்தாருக்கும், அட்டனுக்கு அணித்தான தரவளை மைதானம் டிக்கோயாக் கழகத்தாருக்கும் ஆடுகளங்களாயின. செங்குத்தான சரிவிலே சமதரை காண்டல் அரிது. மலையை வெட்டி நிரவிப் புல் வளர்த்தல் எத்துணைக் கைகளின் உழைப்பு என்பதை வெற்றிப் பலகைகள் பேசுவதில்லை. 1926ஆம் ஆண்டில் தேசாதிபதி ஹியூ கிளிபோர்ட்டின் பாரியார் ஒரு கிண்ணம் வழங்கினார். பிற்காலத்தில் மலைநாட்டுக் கழகங்களும் கொழும்புக் கழகங்களும் அதற்காகவே பொருதின.

துரைமாரின் இவ்வாட்டத்திலே புகழீட்டிய தமிழர் சின்னத்தம்பி நவரத்தினம். 1925இல் பிறந்த இவர் கொழும்பு றோயல் கல்லூரி மாணவர், சீ. ஆர். அன்ட் எப். சீ. கழகத்தின் ஓரவீரர். குறுந்தூர ஓட்டத்திலும் வல்லவரான இவர் 1953இல் இந்திய–இலங்கை மெய்வல்லுநர் போட்டியிலே முதலிடம் பெற்றார். நண்பர்கள் இவரை அழைத்த பெயர் ‘சும்மா’ என்பதாம். சும்மா இருக்க அறியாத ஒருவருக்கு இப்பெயர் வாய்த்தது நகைச்சுவையே!

1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா நாடுகளிற் சுற்றுப்பயணம் முடித்துத் தாயகம் மீண்ட பிரித்தானியத் தீவுகள் அணியினர் கொழும்பில் ஆடினர். தலைவர் கார்ல் மலன். ஐரோப்பியர் பலர் இடம்பெற்ற இலங்கை அணியில் நவரத்தினமும் ஒருவர். விருந்தினர் 44, இலங்கை 6. தோல்வி பெரிதே. எனினும், உலகின் தலைசிறந்த அணியை எதிர்த்து நின்றோருள் ஒரு தமிழரும் இருந்தார் என்பதே எமக்குப் பெரிது.

இப்பெருமிதத்தோடு நின்றுவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. 1947இல் நுவரெலியாத் தொகுதியில் சௌ. தொண்டமானைத் தெரிந்தெடுத்த தோட்ட மக்களிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. நவரத்தினம் இலங்கையின் பெயரால் களமிறங்கியபோது, அவர் மொழியையே பேசியோர் இலட்சக்கணக்கில் அப்பெயருக்கு உரிமையற்றோராய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். ஐரோப்பியத் துரையோ தோட்டத்தில் வாழ்ந்த சின்னாட்களிலேயே இலங்கை அணியிற் சேர்தல் கூடுமாயிருந்தது. பிறந்த மண்ணிலே மூன்று தலைமுறை கண்ட தொழிலாளிக்கு அம்மண்ணின் பெயர் மறுக்கப்பட்டது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் கப்பலேறினர், மலைநாட்டுக் கழகங்களின் பழைய வலிமையும் அவர்களோடு குன்றிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.