கைமாறிய கட்டடமும் கைவிடக்கூடாத ஏடுகளும்

வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் வயல்வெளிகள் தொழிற்சாலைகளாக மாறியதை நம் கண்முன்னே கண்டோம். நிலமும் கட்டடமும் காலத்திற்கேற்ப வேலை மாறுவது உலக இயல்பு. ஆயினும், ஓர் இடம் கைமாறும்போது எது அழிகிறது, எது எஞ்சுகிறது என்று சிந்திக்க வேண்டும். சென்னை அண்ணா சாலையிலுள்ள விக்டரி ஹவுஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

அன்று மவுண்ட் ரோடு என்றழைக்கப்பட்ட அச்சாலையில், ஒயிட்வே லெய்ட்லா என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் பெருங்கடை அக்கட்டடத்தில்தான் இயங்கியது. பின்னர் அது 'சுதேசமித்திரன்' நாளிதழின் இல்லமாயிற்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கி, 1899இல் நாளிதழாக்கிய பத்திரிகை அது. அந்நியத் துணிமணிகள் விற்ற கூடத்தில் சுதேசியின் பெயர் தாங்கிய ஏடு குடியேறியதை வரலாற்றின் நயம் என்றே சொல்லலாம். பத்திரிகையின் காலம் முடிந்தபின், அக்கட்டடம் வி.ஜி.பி. நிறுவனத்தாரிடம் சென்றது. வீட்டு உபயோகப் பொருள்களைத் தவணை முறையில் விற்றுப் பெயர் பெற்ற அவர்களால் அது மீண்டும் கடையாயிற்று.

அச்சு இயந்திரங்களின் ஓசை ஓய்ந்தது. ஆனால், அச்சான சொல் ஓயவில்லை. அதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம்.

சுதேசமித்திரன் இக்கட்டடத்திற்கு வருவதற்கு முன்னரே, 1920இல், பாரதியார் அதில் 'ரெயில்வே ஸ்தானம்' என்ற கதையை எழுதினார். செல்வம் மிக்க முஸ்லிம் ஒருவர் உடன்பிறந்த சகோதரியர் மூவரை மணந்து அல்லலுறுவதாகக் கதை. மனைவி உயிருடன் மணவாழ்வில் இருக்கையில் அவளுடைய சகோதரியையும் மணப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டதாகும். திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயம், 23ஆம் வசனம் இதனைத் தெளிவுபடுத்துகிறது. முஸ்லிம் அன்பர் ஒருவர் இதனை எடுத்துரைத்தார். பாரதியார் பிழையை ஏற்று, அதனைத் திருத்தி எழுதினார். அத்திருத்தம் இன்றும் அவருடைய கதைத் தொகுப்புகளில் அக்கதையுடன் வாசிக்கக் கிடைக்கிறது.

சினங்கொள்ளாமல் எடுத்துச் சொன்னவரின் பண்பும், தயங்காமல் ஏற்றுக்கொண்டவரின் பண்பும் நமக்குத் தெரிய வந்தது எதனால்? அவை தாளில் அச்சேறி, அத்தாளை யாரோ பாதுகாத்ததனால்தான். கட்டடம் அதைக் காக்கவில்லை.

நம் சமுதாயத்தாரும் பத்திரிகைகள் பல நடத்தியுள்ளனர். பா. தாவூத்ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' அவற்றுள் புகழ்பெற்றது. அத்தகைய இதழ்களும், பள்ளிவாசல் விழா மலர்களும், நிக்காஹ் வாழ்த்து மடல்களும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும் நாளில் அவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன.

பரணை ஒழிக்கும்முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டில் வைக்க இடமில்லையெனில், சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற, பழந்தமிழ் இதழ்களைப் பேணும் நிலையங்களை அணுகுங்கள். நம் முன்னோர் எழுதியவை நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றை அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.