விளம்பரப் புத்தகக்குறி: பட்டு நாடாவிலிருந்து அச்சட்டை வரை

ஆய்வுச் சுருக்கம்

புதிய நூலை வாசகரிடம் கொண்டுசேர்க்க நூலாசிரியரும் பதிப்பாளரும் அச்சிட்டு வழங்கும் புத்தகக்குறி, நூல்வணிக வரலாற்றில் ஓரத்தில் வைத்து நோக்கப்படும் சிறு பொருள். அது நூலின் உறுப்பாக இருந்த நிலையிலிருந்து தனிப்பொருளாகவும், பின்னர் விளம்பர ஊடகமாகவும் மாறிய வரலாற்றை, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரப் பட்டு நெசவை மையச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தகைய உதிரி அச்சுப்பொருள்களின் சான்று மதிப்பும், தமிழ்ச் சூழலில் அவற்றைப் பாதுகாக்க வேண்டியதன் தேவையும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புத்தகக்குறி, நூல் விளம்பரம், பட்டு நெசவு, உதிரி அச்சுப்பொருள், ஆவணக்காப்பு.

முன்னுரை

நாளிதழ் விளம்பரம் நாள் கழிந்ததும் மதிப்பிழக்கும். துண்டறிக்கை படித்த கையோடு எறியப்படும். புத்தகக்குறியோ வாசகருக்குப் பயன்படுவதால் அவராலேயே பாதுகாக்கப்படுகிறது. வாசிப்பு நிகழும் இடத்திலேயே மற்றொரு நூலின் பெயரை நினைவூட்டுகிறது. விளம்பர ஊடகமாக இதற்குள்ள தனித்தன்மை இதுவே. எனினும் இப்பயன்பாடு புத்தகக்குறியுடன் உடன்பிறந்ததன்று. அது எக்காரணங்களால், எக்காலத்தில் வாய்த்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நூலோடு பிணைந்த குறி

இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய புத்தகக்குறியாகக் கருதப்படுவது, எகிப்தின் சக்காரா அருகே கிடைத்த கி.பி. 6ஆம் நூற்றாண்டுக் காப்டிக் ஏட்டுக்குரியது. அழகுவேலை செய்யப்பட்ட தோலாலான அக்குறி, ஏட்டின் அட்டையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1584ஆம் ஆண்டில் அரசு அச்சாளர் கிறிஸ்தோபர் பார்க்கர், முதலாம் எலிசபெத் அரசிக்குக் குஞ்சம் வைத்த பட்டுப் புத்தகக்குறி ஒன்றை அளித்தார். 18ஆம் நூற்றாண்டில், நூலின் முதுகில் ஒட்டித் தொங்கவிடப்பட்ட மெல்லிய நாடா பெருவழக்காயிற்று.

தமிழ்ச் சுவடி மரபில் கயிறும் நாராசமும் கிளிமூக்கும் சுவடியோடு இணைந்த உறுப்புகள். ஆயின் அவை ஏடுகள் சிதறாமல் காப்பனவேயன்றி, வாசித்த இடத்தைக் குறிப்பன அல்ல. ஆதலின் அவற்றைப் புத்தகக்குறியின் முன்னோடியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஒரு நூலோடு பிணைந்த நாடா அந்நூலை விட்டு அகலாது. எனவே அது பிறிதொரு நூலைப் பரிந்துரைக்கும் வாய்ப்பும் இல்லை. குறி நூலிலிருந்து பிரிந்து கைமாறும் பொருளானதே விளம்பரப் பயன்பாட்டிற்கு முதல் நிபந்தனை எனலாம்.

கோவென்ட்ரியின் நெருக்கடி

இப்பிரிவைப் பெருவணிக அளவில் நிகழ்த்தியவர் பதிப்பாளர் அல்லர், நெசவாளர். பட்டு நாடா நெசவையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தது கோவென்ட்ரி நகரம். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட காப்டன்–செவாலியே வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டின் மீதான இறக்குமதித் தீர்வை நீங்கியது. மலிவும் நயமும் கொண்ட பிரெஞ்சு நாடாக்களோடு கோவென்ட்ரி போட்டியிட இயலவில்லை. தறிகள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், பலர் ஊரை விட்டுப் புலம்பெயர்ந்தனர்.

இச்சூழலில் தாமஸ் ஸ்டீவன்ஸ் (1828–1888) என்னும் உற்பத்தியாளர், துளையட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு தறியைத் தகவமைத்து, படமும் எழுத்தும் பல வண்ணங்களில் நெய்யப்பட்ட பட்டுப் புத்தகக்குறிகளை உருவாக்கினார். 1862இல் நான்கு வடிவங்களோடு தொடங்கிய அத்தொழில், 1880களின் இறுதியில் 900க்கும் மேற்பட்ட வடிவங்களாக விரிந்தது. பிறந்தநாள் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து, சமய வாசகம் முதலியன அவற்றின் பொருள்களாயின. 1864இல் கொண்டாடப்பட்ட ஷேக்ஸ்பியரின் 300ஆம் பிறந்த ஆண்டு நிறைவையொட்டி அவர் உருவம் தாங்கிய குறிகளும் நெய்யப்பட்டன. எழுத்தாளரின் உருவம் வாசகர் கைக்குறியில் இடம்பெறுதலுக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

இக்குறிகளின் மேல்முனையை மடித்துத் தைத்த பகுதியில் ஸ்டீவன்ஸ் பெயரும் ஊர்ப்பெயரும் நெய்யப்பட்டிருப்பதைக் காணலாம். கண்ணில் உறுத்தாத இடத்தில், விலை கொடுத்து வாங்கும் பொருளிலேயே, தயாரிப்பாளர் தம் விளம்பரத்தைப் பொதிந்துள்ளார். விளம்பரப் புத்தகக்குறியின் கரு இம்மடிப்பில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தாளும் வாசகரும்

பட்டுக்குறி விலைக்கு விற்கப்பட்டது. தாள்குறி இலவசமாக வழங்கப்பட்டது. இம்மாற்றத்துக்குப் பொருளியல் காரணங்கள் உள. பிரிட்டனில் விளம்பர வரி 1853இலும், தாள் வரி 1861இலும் நீக்கப்பட்டன. பல்வண்ணக் கல்லச்சு முறை பரவி, வண்ண அட்டைகள் மலிந்தன. 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் எழுத்தறிந்தோர் தொகையைப் பெருக்கியது. 1880களிலிருந்து தாள்குறிகள் பட்டின் இடத்தைப் பற்றின. சவர்க்காரம், காப்பீடு, மருந்து முதலியவற்றை விற்போர் அவற்றை அச்சிட்டு வழங்கினர். பதிப்பாளர்களும் அவ்வழியைக் கையாண்டனர்.

நூல் விளம்பரம் அதற்கு முன்னரும் இருந்தது. டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 1852–53இல் மாதப் பகுதிகளாக வெளிவந்தபோது விளம்பரப் பக்கங்களும் உடன் கட்டப்பட்டன. ஆயினும் மூன்று தொகுதி நாவல்களின் விலை 31 ஷில்லிங் 6 பென்சாக இருந்த காலத்தில், அவற்றைப் பெரும்பான்மையும் வாங்கியவை மியூடி போன்ற வாடகை நூலகங்களே. 1894இல் அந்நூலகங்கள் மூன்று தொகுதி முறையை ஏற்க மறுத்தபின், 6 ஷில்லிங் விலையுள்ள ஒற்றைத் தொகுதி நாவல் நிலைபெற்றது. நூலகத்தை நோக்கியிருந்த பதிப்பாளர் தனி வாசகரை நோக்கவேண்டியதாயிற்று. தனி வாசகரின் கைக்கு நேரே சென்றடையும் குறியட்டை அந்நிலைக்கு ஏற்ற கருவி.

தமிழ்ச் சூழலும் சான்று மதிப்பும்

தமிழ் நூல்வணிகம் வேறு வழியில் வளர்ந்தது. 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ.வே. சாமிநாதையர் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். 1920இல் பாரதியார், தம் படைப்புகளை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 படிகள் வீதம் வெளியிடும் திட்டத்தை விளக்கிப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறாத நூலுக்குப் படி இல்லை, அச்சுற்றறிக்கையே சான்று. அது கிடைக்காதிருப்பின், தம் வாசகர் பரப்பைப் பற்றிப் பாரதியார் கொண்டிருந்த பெருநம்பிக்கையின் அளவை அறிய இயலாது.

புத்தகக்குறியும் இத்தகையதே. இன்று 2 × 6 அங்குல அளவே பொதுவாக வழங்குகிறது. 12 × 18 அங்குல அட்டைத்தாளில், ஓரவெட்டுக்கு இடம்விட்டும் பத்துக் குறிகள் அடங்கும். ஆயிரம் குறிகளுக்கு நூறு தாள் போதும். இம்மலிவால் தம் செலவில் நூல் வெளியிடும் ஆசிரியரும் இதனை மேற்கொள்ள முடிகிறது. மேலட்டைப் படம், ஒரு வரி அறிமுகம், விலை, கிடைக்குமிடம் என அதில் இடம்பெறுவன, அந்நூலை எவ்வாறு வாசிக்கவேண்டும் என ஆசிரியர் விரும்பினார் என்பதைக் காட்டுவன. மேலும், எந்நூலினுள் அக்குறி கிடைக்கிறதோ அது, அவ்வாசகர் அடுத்தடுத்து வாசித்தவற்றை உய்த்துணர இடமளிக்கிறது.

இச்சான்று எளிதில் அழியும். நூலகங்கள் நூலைப் பதிவு செய்கையில் உள்ளிருக்கும் தாள்களை அகற்றிவிடுதல் இயல்பு. மின்வருடல் செய்வோரும் அவற்றை விலக்கிவிடுவர். ஆக்ஸ்போர்டு அச்சகத் தலைவராயிருந்த ஜான் ஜான்சன் திரட்டிய உதிரி அச்சுப்பொருள் தொகுப்பு 1968இல் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தமையால், பிரித்தானிய நூல் விளம்பர வரலாறு எழுதற்கு அடிப்படை கிடைத்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் திரட்டியமை தமிழில் இதற்கு நிகரான முன்மாதிரி.

முடிவுரை

குறி நூலிலிருந்து பிரிந்தமை, தாளும் வண்ண அச்சும் மலிந்தமை, தனி வாசகரே வாங்குபவரானமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடியபோதே விளம்பரப் புத்தகக்குறி நிலைபெற்றது. அதன் தொடக்கம் பதிப்பகத்தில் அன்று, வேலையிழந்த நெசவூரில் அமைந்தது. 1940 நவம்பரில் நிகழ்ந்த வான்தாக்குதலில் ஸ்டீவன்ஸ் தொழிற்கூடம் அழிந்தது. வாசகர்கள் நூல்களுக்குள் வைத்திருந்த குறிகள் எஞ்சின. தமிழ் நூலகங்கள் நன்கொடை நூல்களை ஏற்கும்போது, உள்ளே கிடைக்கும் குறிகளை உறையிலிட்டு, கிடைத்த நூலின் பெயர், பக்க எண், பெற்ற நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டாத இப்பணி, தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுதப்போகும் ஆய்வாளருக்கு வேறெங்கும் கிடைக்காத தரவைச் சேர்த்துவைக்கும்.