மின்னோட்டம் இட்ட உச்சவரம்பு: சிஏ3080 சில்லும் ஒலிச்சிதைவும்

கிட்டார் ஒலியைச் சிதைக்கும் பெட்டிகளின் வரலாறு பெரும்பாலும் டிரான்சிஸ்டர், டயோடு ஆகிய இரண்டைச் சுற்றியே சொல்லப்படுகிறது. 1962-இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோனில் தொடங்கி, 1970-களின் இறுதியில் வந்த டியூப் ஸ்கிரீமரில் அது நிலைகொள்கிறது. ஆர்சிஏ நிறுவனம் 1969-இல் வெளியிட்ட சிஏ3080 என்னும் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் பெருக்கிச் சில்லு இந்த வரலாற்றில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பாக மட்டுமே தென்படுகிறது. அந்த மதிப்பீடு போதாது. சிதைவின் எல்லையை, சில்லுக்கு வெளியிலிருந்து தரும் ஒரு கட்டுப்பாட்டு மின்னோட்டத்தால் நகர்த்தும் வாய்ப்பைச் சிதைவு வரலாற்றுக்குத் தந்தது இச்சில்லின் வகையே.

சிஏ3080-இன் நுழைவாயிலில் இருப்பதுபோலவே சாதாரண ஆப்-ஆம்ப் சில்லின் நுழைவாயிலிலும் இணை டிரான்சிஸ்டர்கள் உண்டு; உள்ளீடு கூடக் கூட அவற்றின் வெளியீடு அதே அளவில் கூடாமல் வளைந்துவிடும். ஆனால் எதிர்ப் பின்னூட்டம் அவற்றிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை ஏறத்தாழச் சுழியமாக்கிவிடுவதால் அவற்றின் வளைவு காதுக்கு எட்டுவதில்லை. சிஏ3080 பெரும்பாலும் பின்னூட்டமின்றி இயங்கியது. அந்த வளைவு அப்படியே வெளியே வந்தது. கணக்கிட்டால், உள்ளீட்டின் உச்சம் 10 மில்லிவோல்ட் ஆகும்போது மூன்றாம் மேற்சுரம் சுமார் 0.3 விழுக்காடு, 20 மில்லிவோல்ட்டில் அது நான்கு மடங்காகிறது. கிட்டாரின் பிக்கப்போ 100 மில்லிவோல்ட்டை எளிதில் தாண்டும். ஆகவே சுத்தமான ஒலியை நாடிய வடிவமைப்பாளர்கள் சமிக்ஞையை முதலில் நன்றாகக் குறைத்துவிட்டு, அதற்கு விலையாக இரைச்சலை ஏற்றார்கள். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் டைனா காம்ப் கம்ப்ரசர், 1974-இன் ஓபர்ஹைம் எஸ்இஎம் சிந்தசைசர் இரண்டும் இச்சில்லைக் கொண்டவை. நேஷனல் செமிகண்டக்டர் பின்னர் வெளியிட்ட எல்எம்13700-இல் வளைவை நேராக்கும் டயோடுகளே சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளர் அந்த வளைவைக் குறையாகக் கருதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் அந்த டயோடுகளுக்குத் தனிக் கால் உண்டு. அதில் மின்னோட்டம் செலுத்தாவிட்டால் பழைய வளைவு அப்படியே இருக்கும். குறையை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்ற முடிவு இவ்வாறு சுற்றை அமைப்பவர் கைக்கு வந்தது.

இருபுறமும் சமமாக வளைவதால் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழுகின்றன, எதிரெதிராகக் கட்டிய டயோடு இணையும் அதையே செய்கிறதே என்று கேட்கலாம். சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் கட்டிப்போடும்; அந்த எல்லை அதன் பொருளோடு பிறந்தது. சில்லின் எல்லையோ நாம் தருவது, ஏனெனில் அதன் வெளியீட்டு மின்னோட்டம் நாம் செலுத்தும் கட்டுப்பாட்டு மின்னோட்டத்தைத் தாண்டாது: 10 கிலோ ஓம் சுமையில் 0.1 மில்லிஆம்பியர் 1 வோல்ட், 0.5 மில்லிஆம்பியர் 5 வோல்ட். மற்ற உள்ளீட்டில் சிறு நேர்மின்னழுத்தம் இட்டால் சமச்சீர் குலைந்து இரட்டைப்படை மேற்சுரங்களும் சேரும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பின்னூட்டமில்லாத சில்லில் மின்னோட்டத்தை மாற்றினால் அலையின் உயரம்தான் மாறும், வடிவம் மாறாது. வளைவு தொடங்கும் உள்ளீட்டு அளவை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. இது சரியே, தனித்து நிற்கும் சில்லைப் பொறுத்தவரை. வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு மின்தடை வழியே பின்னூட்டம் தந்தால் நிலைமை மாறுகிறது. பெருக்கத்தைப் பெரும்பாலும் மின்தடைகள் வகுக்க, மின்னோட்டம் தீர்ந்துபோகும் இடத்தில் அலை மழுங்குகிறது. அப்போது மழுங்கல் தொடங்கும் உள்ளீட்டு அளவே மின்னோட்டத்தோடு ஏறி இறங்கும். சுமையாக மின்தேக்கியை வைத்தாலும் அவ்வாறே: அது நிரம்பும் வேகத்துக்கு மின்னோட்டமே வரம்பு, அதை மீறும் செங்குத்தான அலை முக்கோணமாகச் சரிகிறது. வாசிப்பின் அழுத்தத்தையோ மெல்ல ஊசலாடும் ஓர் அலையையோ அந்த மின்னோட்டத்தோடு பிணைத்தால், ஒரே சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கரகரப்பு கூடிக் குறையும்.